ரசமட்டம்

தஞ்சாவூரில் மண்டையைத் திறந்து
காதுக்குப் பின்னாலிருந்து
நெல்லிக்காய் அளவு எடுத்தார்கள்.
கட்டியோடு நரம்பும் வந்துவிட்டதாம்.
"உள்காதில் நீர் இருக்கும்,
தலை சாய்ந்தால் அதுதான் சொல்லும்.
வலப்பக்கம் இனிச் சொல்லாது" என்றார் டாக்டரம்மா.
எனக்கு உடனே புரிந்தது.
ரசமட்டத்தில் குமிழ் செத்துவிட்டது.

முப்பது வருஷம் கொத்து வேலை.
தூக்குக்குண்டை இறக்கி
வலக்கண்ணை மூடி
இடக்கண்ணால் நூலைப் பிடிப்பேன்.
இப்போது அந்த வலக்கண்தான்
மூட மாட்டேன் என்கிறது.
தூக்கத்திலும் திறந்தே கிடக்கிறது.
ராத்திரி மருந்து விட்டு, இமையை இழுத்து
பிளாஸ்டர் ஒட்டுகிறாள் சகாயமேரி,
தபால் கவரை ஒட்டுவதுபோல.

வெட்டாற்றுப் பாலத்தில் இரண்டு பஸ் வருகிறது,
ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து.
எதற்கு ஒதுங்குவது?
இரண்டுக்கும் ஒரே ஹாரன்.

மேடு பள்ளம் இல்லாத ஊர் இது.
வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறதா நிற்கிறதா என்று
துரும்பு போட்டுப் பார்க்க வேண்டும்.
இந்தத் தட்டையில்
நான் மட்டும் மலைச்சரிவில் நடக்கிறேன்,
குடிக்காமலே.
குடிக்காமலே என்பதைக்
கொரடாச்சேரி கடைத்தெரு முழுக்க
எப்படிச் சொல்லி முடிப்பது?

சாரம் ஏறக் கூடாது.
பால் சொசைட்டி கட்டடத்தில்
மணல் குவியலில் உட்காரவைத்தார்கள்.
"கிழக்குச் சுவர் சாயுது" என்றேன்.
யாரும் பேசவில்லை.
அமலோற்பவம் சட்டியை வைத்துவிட்டு
நூலை இறக்கினாள்.
"சரியாத்தான் நிக்குது மேஸ்திரி."
குரலில் கொஞ்சம் கேலி இருந்திருக்கலாம்.

எழுந்துபோய் நூலைத் தொட்டேன்.
இரண்டு நூல், இரண்டு குண்டு.
ஒன்றில்தான் பித்தளை சில்லென்றது.

நேற்று ராத்திரி கரண்ட் போனது.
இருட்டில் எனக்குத் தரை கிடையாது.
சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன்.
நான் கட்டி, நானே பூசிய சுவர்,
கல்யாணத்துக்கு முந்தின வாரம், அவசரமாக.
இடுப்புயரத்தில் ஒரு புடைப்பு
உள்ளங்கையில் தட்டியது.
இருபத்தாறு வருஷ வெள்ளையடிப்புக்குள்
பதுங்கிக் கிடந்த தப்பு.
பகலில் ஒருநாளும் பார்த்ததில்லை.

அங்கேயே நின்றுவிட்டேன்,
கட்டைவிரலால் அதைத் தடவியபடி.
"விழுந்துட்டீங்களா?" என்றாள்.
ஒற்றைக் காதுக்குத் திசை தெரியாது.
"இல்ல" என்றேன்,
எல்லாப் பக்கமும் திரும்பி.