பாவோவுக்கு மூன்று

குளியலறைத் தராசில்
அதைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்றேன்.
பிறகு நான் மட்டும்.
கழித்தால் பதினேழு கிலோ.

தண்டர் பேயில் வீடு வாங்கிய மூன்றாம் பனிக்காலம்.
நீர்க்கசிவு தேடி வந்தவர்
நிலவறைப் படிக்கட்டின் பக்கப் பலகையைக் கழற்றினார்.
டார்ச் அடித்துப் பார்த்து
“மேடம், பிணம் இல்லை” என்றார்.
நகைச்சுவை என்று புரிய எனக்கு ஒரு நொடி ஆனது.

சாம்பல் நிறத் தகரம்.
முகப்பில் மூன்று குமிழ்கள்,
ஒன்று மட்டும் வேறு வம்சம்.
பெயர்ப்பலகை இருந்த இடத்தில் நான்கு துளைகள்,
நடுவே வெளிச்சம் படாத ஒரு செவ்வகம்,
சுற்றியிருப்பதைவிட வயதில் இளையதாக.

வால்வுகளின் எழுத்து தேய்ந்திருந்தது.
துடைத்தால் மீதியும் போய்விடும்.
வாயருகே கொண்டுபோய் ஹா என்று ஊதினேன்.
மூச்சின் ஈரத்தில்
ஓர் ஆறு, ஓர் எல், இன்னோர் ஆறு
எழுந்து நின்று
நான் பேனா தேடுவதற்குள் மறைந்தன.
மறுபடி ஊதினேன்.
மறுபடியும் அதே பதில்.

கோவை கணபதியில்
மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறையின்
மேல்மாடியில் வளர்ந்தவள் நான்.
டிரான்ஸ்ஃபார்மரை முகர்ந்து பார்த்தேன்.
வார்னிஷ் கருகிய வாடை இல்லை.
மீட்டரும் அதையே சொன்னது, கொஞ்சம் தாமதமாக.

வின்னிபெக்கில் கிட்டார் ஆம்ப் பழுது பார்க்கும்
டேரல் சிஷோமுக்குப் போன் போட்டேன்.
“பழைய ரேடியோ சாமானா?
டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் அனுப்பு, நூற்றைம்பது டாலர்.
மிச்சத்தை வீசிவிடு.”
மிச்சம் என்ற சொல்
அன்றிரவு பல் துலக்கும்போதும் வாயில் இருந்தது.

ரேடியோ இல்லை அது.
நிலையம் தேட முள் இல்லை, ஒலிப்பலகை இல்லை.
குமிழ்களின் கீழே, நகத்தால் அழுக்கைச் சுரண்டினால்:
மைக், மைக், இசைத்தட்டு.
அடித்தட்டைக் கழற்றினேன்.
கண்டன்சரின் இடுப்பில் ஐம்பத்திரண்டு என்ற ஆண்டு.
அதன் பக்கத்தில், தகரத்தின் உட்புறத்தில்,
தடித்த பென்சிலில் ஒரு வரி,
எழுத்துகளின் தலையில் இரட்டைப் புள்ளிகளுடன்.

எதிர்வீட்டு ஐரி லெஹ்தோ
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாசித்தாள்.
ஃபின்னிஷ்தான்.
“வால்ட்ஸுக்கு ஐந்து. கூட்டத்துக்கு எட்டு.
பாவோ பேசினால் மூன்று.”
பாவோ யார்?
அவளுக்கும் தெரியவில்லை.
உரக்கப் பேசுகிறவன், அவ்வளவுதான்.
ஊரில் ஐம்பது பாவோக்கள் இருந்திருப்பார்கள்,
அத்தனை பேரும் மெதுவாகத்தான் பேசினார்கள், என்றாள்.

ஆக, ஏதோ ஒரு மன்றத்தின் தொண்டை.
எந்தக் கம்பெனி என்று இன்றுவரை தெரியாது.
என்ன வேலை பார்த்தது என்று தெரிந்துவிட்டது.

உலர்ந்துபோன கண்டன்சர்களை மாற்ற
இரண்டு ஞாயிறுகள்.
அறுபது வாட் குண்டு பல்பைத் தொடரில் மாட்டிக்
காலணி போட்டுக்கொண்டு
ஒரு கையைப் பின்னால் கட்டியபடி சுவிட்சைத் தட்டினேன்.
பல்பு பளிச்சென்று எரிந்து மெல்ல அடங்கியது.
அது நல்ல சகுனம்.
வால்வுகளுக்குள் ஆரஞ்சு கசிந்தது.
உறுமல்.
பிறகு, எதுவும் செருகாத மைக் துளையிலிருந்து,
எங்கிருந்தோ ஒரு பெண்:
நிப்பிகான் பக்கம் நெடுஞ்சாலை மூடல்,
இன்றிரவு பதினைந்து சென்டிமீட்டர் பனி.
ரேடியோ இல்லை என்று நான் சொன்னதை
அது கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

தரைக்கம்பியைச் சரிசெய்ததும் அவள் போய்விட்டாள்.
சரிசெய்திருக்க வேண்டாமோ.

ஐரியின் கரோக்கி மைக்கைச் செருகினேன்.
நிலவறையில் நானும் சலவை இயந்திரமும்.
இரண்டே பேர் என்றாலும் கூட்டம் கூட்டம்தான்,
எட்டில் வைத்தேன்.
ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ
என்று தொடங்கி
டேரல் சிஷோமுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம்
தமிழில் சொன்னேன்.

மேலே கதவு திறந்தது.
“யாருடி அது கீழே?” என்றார் இளவழுதி.

குமிழை
மூன்றுக்கு இறக்கினேன்.