ஆடிக்குள் வந்துவிடும்

சேலத்து வேன்காரர் நேற்று ஒரு தாள் கொடுத்துப் போனார்:
இந்தப் பருவத்துக்கு வரப்போகிற இளையோர் நாவல்கள், ஏழு.
மூன்று அச்சில்.
இரண்டுக்கு அட்டை மட்டும் ஆகியிருக்கிறது.
மீதி இரண்டும் எழுதுகிறவர்கள் கொடுத்த வாக்கு.

நான் ஜெராக்ஸ் கடைக்காரன்,
பாலக்கோடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே.
லேமினேஷன், பாஸ்போர்ட் போட்டோ, பட்டா நகல்,
இடையில் ஒரு இரும்பு ரேக், அதில் நாற்பது கதைப் புத்தகம்.
மிஷின் கறுப்பாகத் துப்பிய பெரிய தாளைத் திருப்பிப்போட்டு
பட்டியலைக் கையால் எழுதிக் கண்ணாடியில் ஒட்டினேன்.

'தொப்பூர் இறக்கத்தில் பிரேக்'.
அச்சுப்படியிலேயே படித்துவிட்டேன்.
லாரி கிளீனரின் மகள், அப்பா சொல்லாமல் விட்ட ஓர் இரவைத்
தேடிப் போகிறாள்.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் என் டீ
ஆடை கட்டிவிட்டது.
காதல் கொஞ்சம் அதிகம். அதையும் எழுதினேன்.
அந்த வரிக்கு நேராகத்தான் கண்ணாடியில்
இப்போது விரல் ரேகைகள்.

'மாற்று ஆட்டக்காரி'.
கோ-கோ அணியில் பன்னிரண்டாவது ஆள்.
கடைசிப் பக்கம்வரை அவளை இறக்கவே மாட்டார்கள்.
"அப்புறம் எதுக்குண்ணா படிக்கணும்?" என்றான் சபரீஷ்.
"நீ எத்தனை மேட்ச் இறங்கினே?"
சிரித்தான்.
ரீஃபில் ஒன்று வாங்கிக்கொண்டு போனான்.

'சிக்னல் கிடைக்கும் பாறை'.
பேய்க் கதை என்கிறது அட்டை; நம்பவேண்டாம்.
பேய் பாதியிலேயே கிளம்பிவிடுகிறது.
மிஞ்சுவது ஒரு பாறை, மூன்று பிள்ளைகள்,
நாலு சதவீத சார்ஜோடு ஒரு போன்.
அதற்குப் பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

இளையோர் என்றால் யார் என்று கேட்கிறார்கள்.
கண்டக்டர் கேட்டால் முழு டிக்கெட்,
பூத்தில் கேட்டால் இன்னும் வயசாகவில்லை,
கல்யாண வீட்டில் பந்தி பரிமாற மட்டும் பெரியவர்கள்.
அவர்கள்தான்.

மூன்று மணி வெயிலில் சமீனா வந்தாள்.
டி.சி., மார்க் ஷீட், ஆதார், மூன்று செட்.
ஓசூரில் போன் பூட்டும் கம்பெனி, ஹாஸ்டலோடு.
திங்கட்கிழமை விடியலில் பஸ் வருமாம்.
மிஷின் சூடாகும்வரை
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று படித்தாள்,
உதடு அசைய, ஏழு வரையும்.

"இதுல யாராச்சும் வேலைக்குப் போறாங்களா?"

மனசுக்குள் புரட்டினேன்.
கிளீனர் மகளுக்குக் கோடை விடுமுறை.
கோ-கோக்காரிக்கு அரையாண்டு.
பாறை மேல் இருப்பவர்களுக்கு வீட்டுப்பாடம்.
நான்காவதில் அரண்மனை, இளவரசனுக்கு வேலையே இல்லை.
வாக்குக் கொடுத்த இரண்டைப் பற்றி
வாக்குக் கொடுத்தவர்களுக்கே தெரியாது.

ஐந்தாவதுக்கு அட்டை மட்டும் ஆகியிருந்தது.
போனில் எடுத்துக் காட்டினேன்:
இருட்டு, பஸ் ஜன்னல், தெளிவில்லாத ஒரு முகம்,
மடியில்...
"டிபன் பாக்ஸ் இருக்கு" என்றேன்.
அதற்குமேல் எனக்கும் தெரியாது.

பெரிதாக்கிப் பார்த்தாள்.
"ரெண்டடுக்கு" என்றாள்.
"எடுத்து வைங்க."

எப்போ வரும்? ஆடிக்குள்.
விலை? தக்காளி மாதிரி, வண்டி வந்தால்தான் தெரியும்.
மார்க்கெட் மூட்டைகளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.
ஐம்பது ரூபாய் முன்பணம் வைத்தாள்.
மாசத்தில் ரெண்டாவது ஞாயிறுதான் லீவு,
அதுவரைக்கும் வேறே யாருக்கும் கொடுத்துடாதீங்க.

சூடு ஆறாத நகல்களை மார்போடு அணைத்துக்கொண்டு
ராயக்கோட்டை பஸ்ஸுக்கு ஓடினாள்.

பட்டியலில் ஐந்தாவதுக்கு நேரே
நான் காலியாக விட்டிருந்த இடத்தில்
மார்க்கரால் எழுதினேன்:
படிக்கவில்லை.
ஒன்று விற்றுவிட்டது.