மூன்று பத்திகள்

படுக்கையறை எத்தனை, சொல்லலாம்.
கூரை மாற்றி ஆறு வருடம், சொல்லலாம்.
கீழ்த்தளத்தில் ஈரம் கசிந்ததைச்
சொல்லியே ஆக வேண்டும்.
நல்ல ஊரா என்று கேட்டால் மட்டும்
சட்டம் என் நாக்கைப் பிடித்துக்கொள்ளும்.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித்
துடைக்க ஆரம்பித்துவிடுவேன்.

இன்று என் காரில்
கொரின், டெஸ்மண்ட்,
நடுவே இடுப்பு வாரில் நெளியும் ஏழு வயது ஓட்டிஸ்.
கொரின் மடியில் நோட்டு.
கோடு போட்டு மூன்று பத்தி:
பள்ளி, வரி, பாதுகாப்பு.
ஓரத்தில் ஊர்ப்பெயர்கள்.
சிலதை அடித்திருக்கிறாள்,
அடித்ததையே கீழே மறுபடி எழுதியுமிருக்கிறாள்.

ஃபெர்ன் ஹாலோ.
பள்ளிக்குப் பத்துக்கு ஒன்பது.
வரி, வருடத்துக்கு இருபத்தெட்டாயிரம் டாலர்.
"பள்ளிக்கூடத்தைத் தவணையில் வாங்குகிறோம்,
வீடு இனாம்" என்கிறான் டெஸ்மண்ட்.
யாரும் சிரிக்கவில்லை.
அவனே விரல்விட்டு எண்ணத் தொடங்கிவிட்டான்.

வெஸ்ட் ஆல்டன்.
வரி பாதிதான்.
"பாதி என்றால் ஏதாவது இருக்கும்"
என்கிறாள் கொரின்.
அந்த ஏதாவதைப் பின்பக்கக் கண்ணாடி வழியே
என் முகத்தில் தேடுகிறாள்.
நான் சிக்னலைப் பார்க்கிறேன்.
அது பச்சையாகி வெகுநேரம்.

"பாதுகாப்பாக இருக்குமா?"
போலீஸ் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்,
இருட்டிய பிறகு ஒருமுறை வந்து பாருங்கள்.
இருபத்தொரு வருடமாக இதே பதில்.
கேள்விதான் ஒன்றாக இருப்பதில்லை.
சிலர் பூட்டைக் கேட்கிறார்கள்.
சிலர் பக்கத்து வீட்டுக்காரரின் நிறத்தைக் கேட்கிறார்கள்.
போன மாதம் ஒருவர்:
என் மகனுக்குப் பதினாறு, ஆறடி, கறுப்பு.
இரவு எட்டு மணிக்கு இந்தத் தெருவில் ஓடப் போனால்
எத்தனை ஜன்னல் திரை விலகும்?
அவருக்கும் அதே பதிலைத்தான் சொன்னேன்.
வீடு வரும்வரை வாயில் கசப்பு போகவில்லை.

மேப்பிள் தெரு, நாற்பத்தொன்று.
விற்பவர்களின் கடைசிப் பெண்
ஜூனில் பள்ளியை முடித்தாள்.
ஜூலையில் புல்வெளியில் பலகை நட்டார்கள்.
எதிர்வீட்டிலும் ஒரு பலகை. அங்கே இரட்டையர்.
வேலை முடிந்ததும் குடையை மடிப்பதுபோல்
ஊரை மடித்துவிட்டுப் போகிறார்கள்.
இதையும் நான் சொல்வதில்லை.
சொல்லக் கூடாதென்று சட்டம் ஒன்றுமில்லை.
கமிஷன் இருக்கிறது.

மணி மூன்று. தெருவில் ஆள் இல்லை.
இலை ஊதும் இயந்திரத்தோடு இருவர்,
பள்ளி முனையில் நிறுத்தப் பலகையோடு
ஆரஞ்சு மேலாடையில் திரு. லுபாஷ்.
மூவருமே ஐந்து மணிக்குள்
வேறு ஊருக்குப் பஸ் ஏறிவிடுவார்கள்.
"இங்கே யார் இருக்காங்க?" என்கிறான் ஓட்டிஸ்.
அவன் அம்மா நோட்டைப் புரட்டுகிறாள்,
அதற்கும் ஒரு பத்தி இருப்பதுபோல.

திரும்பும் வழியில்
மரியாதைக்குத்தான் கேட்டிருப்பாள்:
"நீங்கள் எந்த ஊர்?"
இதற்கு எந்தச் சட்டமும் தடை சொல்லவில்லை.
பிரிம்லி, என்றேன்.
சலவைக்கடை மாடியில், பத்தொன்பது வருடம்.
என் மகள் படித்த பள்ளிக்குப் பத்துக்கு நான்கு.
அந்த நான்குக்குள் ஒரு வேதியியல் டீச்சர் இருந்தார்,
சனிக்கிழமைகளில் சாவியோடு வந்து
ஆய்வகத்தைத் திறந்துவிடுவார்
என்று சொல்ல வாயெடுத்தேன்.

நோட்டின் மேல் கொரின்
மெல்ல உள்ளங்கையை வைத்தாள்.
அதற்குள் பார்த்துவிட்டேன்:
மூன்றாவது வரி, பிரிம்லி.
அடித்திருந்தது, ஸ்கேல் வைத்து.

யாரும் எதுவும் பேசவில்லை.
"பச்சை விழுந்தாச்சு, மிஸ் யூனிஸ்"
என்றான் ஓட்டிஸ்.