மீண்டும் தொடங்கு

ஓர்ஸ் ஹில் சரிவில், ஏசி பழுதான கணினி அறைக்குள்
ஐந்து பிள்ளைகள் எனக்காகக் காத்திருக்கிறார்கள்.
ஒருவருக்கும் வியர்க்கவில்லை.

வெளியே மதிலோரம் மான் ஒன்று
யாரோ எறிந்த சொப்பின் பையை மெல்லுகிறது.
உள்ளே நான், காதுக் கருவியை மாட்டிக்கொண்டு,
திரைக்குப் பின்னம் படிப்பிக்கிறேன்.

பின்வரிசையில் நஸ்மியா. அவள் கையில்தான் மவுஸ்.
குழப்பம்: இரண்டு. குழப்பம்: மூன்று.
அவள் இழுக்க இழுக்க
ஓரக் கதிரைப் பெடியன் மேசையில் தாளம் போடுவான்,
"இது எதுக்கு ரீச்சர்?" என்பான்.
எப்போதும் அதே குரல், அதே பல்வரிசை.

நேற்று நாலில் வைத்துவிட்டாள்.
நான் கத்தினேன்.
எனக்குள் இருப்பதாக நானே அறியாத ஒரு சொல்
அவன் மேல் போய் விழுந்தது.
பெடியன் தலை குனிந்தான்,
பதினைந்து பாகை, எழுதிவைத்தபடி.
"விடுடி, இதுக்குத்தானே இது" என்று நஸ்மியா
'மீண்டும் தொடங்கு' அமத்தினாள்.
அவன் நிமிர்ந்து சிரித்தான்:
"காலை வணக்கம் ரீச்சர்."

அந்த வணக்கம் இரவு நித்திரையைத் தின்றது.
மன்னிப்புக் கேட்கலாம் என்றால்
ஏச்சு வாங்கியவன் எங்கேயும் இல்லை.

அறிக்கை மட்டும் மறக்கவில்லை:
கேள்வி கேட்டபின் நீங்கள் காத்திருந்த நேரம்
சராசரி ஒன்று தசம் ஒன்று விநாடி.
உப்புவெளியில் ஒரு சின்ன அலை
வந்து திரும்பவே அதைவிடக் கூட எடுக்கும்.

இன்றைக்குக் குச்சவெளி. கற்பித்தற் பயிற்சி, முதல் நாள்.
முப்பத்தெட்டுப் பேர், ஒரு விசிறி, அதுவும் சுத்தாது.
யதுசாந்தின் சேட்டில் இறால் மணம்.
விடியப்புறம் தகப்பனோடு வலை இழுக்கப் போனவனாம்,
கண் தானாகச் செருகுகிறது.
நித்திரைக்கு அந்த மென்பொருளில் அளவுகோல் இல்லை.

"யதுசாந், அரையும் காலும் சேர்ந்தால்?"

ஒன்று. இரண்டு.
முன்வாங்கில் விடை கொதிக்கிறது,
கையைக் காட்டி அமர்த்துகிறேன்.
மூன்று. நாலு.
என் கழுத்தில் வியர்வை இறங்குகிறது.
ஐந்து.
அவன் உதடு எதையோ எண்ணுகிறது.
ஏழா, எட்டா, நான் விட்டுவிட்டேன்.

"மிச்சம் கால், ரீச்சர்."

வகுப்பு சிரிக்கிறது.
நான் கேட்டது அதையல்ல. ஆனால்
ஒரு றாத்தல் பாணை மனதில் வெட்டி,
தின்றது போக இருப்பதைச் சொல்கிறான்,
அதுவும் சரியாகச் சொல்கிறான்.

சோக்கட்டியோடு திரும்பிப் பின்வரிசையைப் பார்க்கிறேன்.
நஸ்மியா இல்லை.
கால் உடைந்த ஒரு வாங்கு,
அதில் யாரோ கவராயத்தால் கீறிய கப்பல்.