தூண்டில் கடையில் வழி கேட்டவருக்கு

கழுத்தில் தொலைநோக்கி தொங்க
இங்கே புழு வாங்க வருபவர் யாருமில்லை.
சிட்னியிலிருந்து இரவெல்லாம் ஓட்டி வந்திருக்கிறீர்கள்,
என்ன கேட்கப் போகிறீர்கள் என்று தெரியும்.
சொல்கிறேன். அந்த ஐஸ்பெட்டியை மட்டும் மூடுங்கள்,
இறால் கெட்டுவிடும்.

முதலில் கழிவுநீர்க் குட்டைகள்.
முகம் சுளிக்காதீர்கள்.
குரிம்பா ஊர் வேண்டாமென்று அனுப்பியதையெல்லாம்
வாத்துகள் வேண்டுமென்று வைத்துக்கொண்டிருக்கின்றன.
வேலிக்கு வெளியிலிருந்தே தெரியும்.
காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள்.

கோல்ஃப் மைதானத்தில் ஏழாவது குழிக்குப் பக்கம்
ஆட்காட்டிகள் குஞ்சு பொரித்திருக்கின்றன.
பந்து தேடிப் போனவர் எவரும்
வசவு வாங்காமல் திரும்பியதில்லை.
தொப்பி போட்டுக்கொள்ளுங்கள்.

மீன் அறுக்கும் மேடைக்கு வழி சொல்லத் தேவையில்லை.
நாலு மணிப் படகு வருமுன்பே
கூழைக்கடாக்கள் வந்துவிடும்,
மதுக்கடை திறக்கக் காத்திருப்பவர்கள் போல,
கதவைப் பார்க்காதது மாதிரி பார்த்துக்கொண்டு.

முகத்துவாரத்து மணல்திட்டில் கயிறு கட்டியிருக்கும்.
அந்தப் பக்கம் ஆலாக்களின் முட்டைகள்,
மணலோடு மணலாக.
நெரிடா ஹாலக் என்று ஒருத்தி
கூடாரம் போட்டுக் காவலிருக்கிறாள்.
நாய்களிடமல்ல, நாய்க்காரர்களிடம் கடிபட்டவள்.
போன டிசம்பரில் ஒரே இரவில் ஓதம் ஏறி
பத்தொன்பது முட்டைகளை அள்ளிப் போயிற்று.
விடிந்ததும் பலகையில் இருபத்து மூன்றை அழித்து
நான்கு என்று எழுதினாள்.
வேறொன்றும் சொல்லவில்லை.
போகும்போது அவளுக்குச் சூடாக ஏதாவது வாங்கிப் போங்கள்.

பட்டைவால் மூக்கன்களைக் கழியில் எங்கும் பார்க்கலாம்.
அலாஸ்காவிலிருந்து இந்தப் பக்கத்துக்கு
நாள் கணக்கில் இறங்காமல் பறந்து வருபவை.
வந்து சேர்ந்ததும் செய்வது ஒன்றுதான்:
சேற்றில் மூக்கைச் சொருகுவது.

அப்புறம்,
சிப்பிப் பண்ணைக்குக் கீழே ஒரு சேற்றுவெளி இருக்கிறது.
வற்றம் பாதி இறங்கிய நேரம் போக வேண்டும்.
க்ளைவ் பெத்ரிக் தினமும் அங்கேதான் நிற்பான்.
நின்றுகொண்டிருந்தான்.

இரண்டு வருடம் முன்பு அவன் ஒரு டெரெக் உள்ளானைப் பார்த்தான்.
மேலே வளைந்த அலகு, ஆரஞ்சு மஞ்சள் கால்,
நண்டைத் துரத்திக்கொண்டு
பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி ஓட்டம்.
படம் எடுக்கவில்லை. கை நடுங்கியதாம்.
குழுவினர் ஆறு பேர் வந்து மூன்று நாள் நின்றார்கள்,
சாதாரண உள்ளான்தான், மாலை வெயில் காலில் பட்டிருக்கும் என்று
முதுகைத் தட்டிவிட்டுப் போனார்கள்.
அந்தத் தட்டலுக்குப் பிறகு
அவன் தொலைநோக்கியைத் தூக்கவில்லை.

நாலாம் நாள் காலை
நான் அங்கே முழங்கால் சேற்றில்,
பம்பால் தூண்டில் இறால் உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.
பத்தடி தூரத்தில் அது ஓடியது.
கண்ணாடிகூட வேண்டியிருக்கவில்லை.
வளைந்த அலகு. மஞ்சள் கால்.
மேகம் மூடிய காலை, வெயிலே இல்லை.

சொல்லியிருக்கலாம்.
ஆனால் அந்த மாதம்தான் அவன்
‘சேற்றைக் குடைந்து பறவைகளின் சோற்றைத் திருடுகிறார்கள்’ என்று
என் உரிமத்துக்கு எதிராகக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தான்.
நூற்றுப் பன்னிரண்டு பேர் போட்டார்கள்,
என் தங்கை உட்பட.
அவன் சொன்னதில் உண்மை இல்லாமலும் இல்லை.
அது வேறு விஷயம்.

நான் வாளியை மூடிக்கொண்டு கரையேறினேன்.
இன்று உங்களிடம்தான் சொல்கிறேன்,
நாளை மதியம் நீங்கள் ஊரில் இருக்கப் போவதில்லை என்பதால்.

நீங்கள் போய்ப் பாருங்கள்.
ஒருவேளை இருந்தால்
என்னிடம் வந்து சொல்ல வேண்டாம்.
பெட்ரோல் பங்குக்கு எதிரே பச்சைக் கதவு,
தபால்பெட்டியில் விளம்பரத் தாள் பிதுங்கிக் கிடக்கும்.
இரண்டு முறை தட்டுங்கள், காது மந்தம்.

இல்லாவிட்டாலும் தட்டலாம்.
நான் பார்த்ததை
நீங்கள் பார்த்ததாகச் சொல்வதில்
பறவைக்கு நஷ்டமில்லை.

வற்றம் மூன்று ஐம்பதுக்கு.
ரப்பர் காலணி இல்லையென்றால் அந்த மூலையில் இருக்கிறது,
வாடகை எட்டு டாலர்.