விலும்மா

இன்வர்லாக் கடற்கரை, ஜனவரி.
வாடகை ரப்பர் உடைக்குள்
என்னை நானே திணித்து முடிக்க
இருபது நிமிடம்.
முழங்காலில் சிக்கி, இடுப்பில் சிக்கி,
கடைசியில் தூரிகை முதுகு ஜிப்பைப் பிடித்து
"மூச்சை உள்ள இழும்மா" என்றாள்.
இழுத்ததை இன்னும் விடவில்லை.

எனக்கு முன்னால் இதற்குள் இருந்தவள்
என்னைவிட உயரம்.
அவளுடைய முழங்கை மடிப்பு
என் மணிக்கட்டுக்குச் சற்று மேலே
இன்னும் மடங்கியே இருக்கிறது.

டார்சிக்குப் பத்தொன்பது வயது,
மூக்கின் மேல் வெள்ளைக் களிம்பு.
மணலில் பலகை ஒன்றைக் கீறி
அதன்மேல் என்னைக் குப்புறப் படுக்கவைத்தாள்.
கையை ஊன்று, எம்பு, நில்,
மூன்றும் ஒரே அசைவு என்றாள்.
எனக்கு அது ஐந்து:
கை,
ஒரு முழங்கால்,
ஒரு அய்யோ,
இன்னொரு முழங்கால்,
கொஞ்சம் யோசனை.

மணலில் நின்றுவிட்டேன்.
மணலில் யார் வேண்டுமானாலும் நிற்கலாம்.

புகழேந்தி இறங்கவில்லை.
அவனிடம் கார்ச் சாவி,
நான்கு ஜோடிச் செருப்பு,
என் கண்ணாடி,
சட்டைப் பைக்குள் என் தாலிச் சங்கிலி.
நிமிடத்துக்கு ஒருமுறை
நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறான்.
பார்ப்பவர்கள் பக்திமான் என்று நினைத்திருப்பார்கள்.

கண்ணாடி இல்லாத எனக்குக் கடல்
சாம்பல் நிறத்தில் ஒரு சத்தம்.
பிள்ளைகள் இரண்டு மஞ்சள் புள்ளிகள்.
ஒரு மஞ்சள் எழுந்து நின்றது.
கை வலிக்கத் தட்டினேன்.
யாரோ பெற்ற பிள்ளை அது.
அவனும் கையசைத்தான், பாவம்.

என் பிள்ளைகள் அதற்குள்
எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார்கள்.
"நீ இன்னும் ஆரம்பிக்கவே இல்லையா?"

அகரனுக்கு ஒன்பது வயது.
பள்ளிக்கூட வாசலில் நான் தமிழில் கூப்பிட்டால்
செருப்பைக் குனிந்து பார்ப்பான்.
இங்கே என்னவோ
இடுப்பளவு நீரில் நின்றுகொண்டு,
என் பலகையின் வாலைப் பிடித்துக்கொண்டு,
பின்னால் வரும் அலையைக் கணித்து,
இதுதான் என்று முடிவுசெய்து,
தள்ளிவிட்டுக் கத்துகிறான்
கரை முழுக்கக் கேட்கும்படி:

"விலும்மா! விலு! விலு!"

அரை நொடி புரியவில்லை.
பிறகு புரிந்தது.
எழுவும் விழுவும் அவனுக்கு
ஒரே சட்டை போட்ட இரட்டையர்கள்.
அவசரத்தில் ஆள் மாறிவிட்டது.

சொன்ன பேச்சைக் கேட்டேன்.
பாஸ் நீரிணையில் பாதி மூக்கு வழியாக வந்தது.
காலில் கட்டிய கயிறு சுண்டி இழுக்க,
பலகை என்னைத் தேடி வந்து
தலையில் ஒன்று வைத்தது.

"எழுன்னு சொல்லுடா லூசு" என்றாள் தூரிகை.
"ரெண்டுமேதான் செய்யறாங்க" என்றான்.

விலு. விழுந்தேன்.
விலும்மா. விழுந்தேன்.
டார்சியும் அது ஏதோ மந்திரம் என்று நினைத்து
"விலு, விலு" என்று சேர்ந்துகொண்டாள்.

பதினோராவதோ பன்னிரண்டாவதோ,
எண்ணுவதை விட்டிருந்தேன்.
அலை வந்து தூக்கியது.
கை, முழங்கால்,
அய்யோ சொல்ல நேரமில்லை.
கீழே ஏதோ ஓடிக்கொண்டிருந்தது,
அதன்மேல் நான் நின்றேன்.
எதிரே கரை கலங்கலாக,
மிகப் பெரியதாக,
என்னை நோக்கி வந்தது.

இரண்டு நொடி என்றாள் தூரிகை.
"இல்ல, நாலு" என்றான் அகரன்.
புகழேந்தி அந்த நேரம் பார்த்து
சாவியைத் தேடிக்கொண்டிருந்தான்.

இரவு, கேரவன் பூங்காவின் தகரக் கூரை அறை.
குளியலறை முழுக்க மணல்.
படுத்தால் கட்டில் மிதக்கிறது.
காதிலிருந்து ஒரு சொட்டுக் கடல்
வெதுவெதுப்பாகத் தலையணையில் இறங்குகிறது.
கீழ்ப் படுக்கையில் அகரன்
வாயைத் திறந்து தூங்குகிறான்.
நாக்கை எங்கே மடிக்க வேண்டும் என்று
சொல்லிக்கொடுக்க வேண்டும்.
சொல்லலாம்.
உடைக்கு இன்னும் ஒரு நாள் வாடகை கட்டியிருக்கிறது.