இருநூத்திப் பன்னண்டாம் பக்கம்

அவன் பேரு கொண்டிராம் சாளுங்கே.
நாங்க கொண்டின்னுவோம்.
கதவுக்குப் போடுவமே, அந்தக் கொண்டி.
அர்த்தம் தெரியாமலே சிரிப்பான்.

தங்கசாலைத் தெருவுக்குப் பின்னாடி
எதிர எதிர ரெண்டு ஆள் வந்தா
ஒருத்தர் சுவரோட ஒட்டிக்கணும், அப்பிடி ஒரு சந்து.
அதுல மராட்டிக்காரங்க உருக்குக் கடை.
திராவகப் புகையில பித்தளைப் பூட்டு பச்சையாப் போயிருக்கும்.
கொண்டி துருத்தி மிதிக்கிற பையன்.
நான் சாக்கடை அள்றவ.

விடியறதுக்கு முன்ன பட்டறை வாசலெல்லாம் பெருக்கி
காவாச் சேத்த வழிச்சு
தட்டுல அலசி அலசி
பாதரசம் வுட்டுப் பெசஞ்சா
கடுகத்தனை தங்கம் நிக்கும். சில நாள் நிக்காது.
நின்னத அவன்கிட்டதான் குடுப்பேன்.
எது சொன்னாலும் "காய்?" ம்பான்.
அவன் பாஷையில "இன்னா"ன்னு கேக்கறதாம்.
கத்திரிக்காய், ம்பேன் நான்.
மறுநாள் முருங்கைக்காய்.
பில்லு முதுகுல எதையோ எழுதிக்குவான்.
மார்க்கெட் கணக்குன்னு நெனச்சேன்.

போன மாசம் பூனாலேர்ந்து மூணு பேர் வந்தாங்க.
ஒரு கேமரா, ஒரு குடை,
மிருணாள்னு ஒரு பொண்ணு.
கொண்டி செத்துட்டானாம்.
பதினாலு நாவலாம். ஊர்ல அவன் பேருல நூலகமாம்.
பரீட்சையில அவனப் பத்திக் கேள்வி வருமாம், பத்து மார்க்குக்கு.
துருத்தி மிதிச்ச பையன்.

மொத நாவலே இந்தச் சந்தப் பத்தித்தானாம்.
"அதுல வர்ற லட்சுமி செத்த எடம் எது?"
அந்தப் பொண்ணு கேட்டுது, கடைக்கார அங்குஷ் தமிழ்ல சொன்னான்.
எந்த லட்சுமி? இங்க நாலு லட்சுமி.
சாக்கடையில பொன்னு அரிக்கிறவ.
ஒரு பக்கம் மட்டும் மூக்கு குத்தினவ.
எது கேட்டாலும் காய்கறிப் பேரு சொல்றவ.

டீ கிளாஸக் கீழ வச்சேன்.

எப்பிடிச் செத்தா?
மழையில. ராத்திரி. காவா பொங்கி.
இருநூத்திப் பன்னண்டாம் பக்கம்.

அந்த மழை எனக்குத் தெரியும்.
பேசின் பிரிட்ஜ்ல ரயிலே நின்னுபோச்சு.
இடுப்பளவு தண்ணியில கடைக் கதவத் தட்டினேன்.
உள்ள வெளக்கு எரிஞ்சுது.
"தொறக்காதே, உள்ள பொன்னு கீது," மொதலாளி கொரலு.
கொண்டி நகரல.
ரெண்டு கொண்டியும் நகரல.

விடியற வரைக்கும் பக்கத்து ஊட்டு ஜன்னக் கம்பியில தொங்கினேன்.
ஸ்டான்லியில பதினோரு நாள் காய்ச்சலு.
வந்து பாத்தா அவன் ஊருக்குப் போயிட்டான்.
அந்தப் பொழப்ப வுட்டேன்.
காசிமேட்டுல ஐஸ் ஒடச்சேன், கட்டிக்கினேன், ரெண்டு பெத்தேன்,
கட்டினவனப் பொதச்சேன்.
இப்ப அதே சந்து முனையில காய் விக்கிறேன், நெசமான காய்.
அவனுக்கு இதொண்ணும் தெரியாது.
அம்பது வருசமா என்னப் பொணமாத் தூக்கிக்கினு
திரிஞ்சிருக்கான்.

ஒண்ணே ஒண்ணு கேட்டேன்.
புஸ்தகத்துல கதவத் தொறந்தானா?
அந்தப் பொண்ணு பக்கத்தப் பொரட்டி
வெரல் வச்சுப் படிச்சுது.
தொறந்தான், அங்குஷ் சொன்னான்.
ஓடியாந்து தொறந்தான்.
அதுக்குள்ள அவ போயிட்டா.

நான்தான்னு சொல்லல.
கைக்கு எட்டின ஒரு காவா மூடியக் காட்டினேன்.
குனிஞ்சும் நிமிந்தும் அதப் படம் எடுத்தாங்க.
மிருணாள் பத்து ரூபா சாமந்தி வாங்கி அது மேல வச்சுது.
கண்ணு கலங்கியிருந்துது அதுக்கு. பாவமா இருந்துது.

புஸ்தகத்தக் குடுத்துட்டுப் போச்சு.
எனக்கு எந்த எழுத்தும் தெரியாது.
ஆனா பாத்தாலே தெரியுது,
ஒவ்வொரு வார்த்தைக்கு மேலயும்
ஒரு தாப்பா போட்டு வச்சிருக்கான் மனுசன்.

தராசுல வச்சேன்.
அரைக்கிலோ, கூட ஒரு எலுமிச்சம்பழம்.

ராத்திரி கடை கட்டறப்ப
சாக்கு பறக்காம இருக்க மேல வைக்க ஆச்சு.
மழை வந்தா மட்டும்
உள்ள எடுத்து வச்சிக்கிறேன்.